பியர் அடைக்கப் பழைய பாட்டில்கள்: எப்படிக் கழுவுகிறீர்கள்?

நுரைதள்ளி:

வணக்கம் எல்லாருக்கும். வீட்டில் பியர் காய்ச்ச ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. காய்ச்சுவது ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் பாட்டிலில் அடைக்கும் நாள் வந்தாலே எரிச்சலாக இருக்கிறது. நண்பர்கள் குடித்துவிட்டுத் தரும் காலி பாட்டில்களைத்தான் சேர்த்து வைக்கிறேன். சிலவற்றில் அடியில் ஈஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்கும், சிலவற்றில் பூஞ்சணமே பிடித்திருக்கும், லேபிளைச் சுரண்டும் வேலை தனி. இப்போதைக்கு நான் செய்வது, பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்து, பிரஷ் விட்டுத் தேய்த்து, ப்ளீச் கலந்த தண்ணீரில் முக்கி, அப்புறம் அந்த வாசம் போகும்வரை அலசி அலசிக் காயவைப்பது. முதுகு ஒடிந்துவிடுகிறது.

இவ்வளவு செய்தும் கடைசியாக அடைத்ததில் சில பாட்டில்கள் திறந்த உடனே பொங்கி மேஜையெல்லாம் வழிந்தன. மற்றவை நன்றாகவே இருந்தன. எனக்குத் தெரிய வேண்டியது: கொதிக்கும் தண்ணீரை உள்ளே ஊற்றி எடுத்தால் போதாதா? டிஷ்வாஷரில் போடலாமா? ஸ்டார் சான் என்ற அலச வேண்டாத சானிடைசர் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள், அந்த நுரை உள்ளே தங்கினால் பியருக்கு ஒன்றும் ஆகாதா? முன்கூட்டியே கழுவி வைத்துவிட்டு அடைக்கும் நாளில் நிம்மதியாக இருக்க வழி உண்டா?

கேப்பர்கை:

இதில் வேலை இரண்டு. அழுக்கை எடுப்பது ஒன்று, கிருமியைக் கொல்வது இன்னொன்று. ஒரே தண்ணீரில் இரண்டையும் முடிக்கப் பார்ப்பதால்தான் பாதிப் பேர் அவதிப்படுகிறார்கள். உள்ளே காய்ந்த ஈஸ்ட் படலம் இருக்கும்போது எந்த சானிடைசரை ஊற்றினாலும் அது மேற்பரப்போடு நின்றுவிடும், படலத்துக்கு அடியில் இருக்கிற பாக்டீரியா பாட்டுக்கு இருக்கும். குளிக்காமல் செண்ட் அடித்துக்கொள்வது மாதிரிதான்.

முதல் வேலைக்கு சோப்பை விட்டுவிடுங்கள். வாசனை தங்கும், சரியாக அலசாவிட்டால் பியரின் நுரையும் நிற்காது. அதற்குப் பதில் சோடியம் பெர்கார்பனேட் வாங்குங்கள், வாசனை சேர்க்காத ஆக்சிஜன் ப்ளீச் பொடி என்று துணி துவைக்க விற்பதும் பெரும்பாலும் இதுதான். பியர் காய்ச்சுகிறவர்களுக்கென்றே வரும் பி.பி.டபிள்யூவும் இதே வகையைச் சேர்ந்தது. தண்ணீரில் போட்டதும் இது சோடியம் கார்பனேட்டாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். காரம் அழுக்கை இளக்கும், ஆக்சிஜன் குமிழிகள் அதை உரித்து எடுக்கும். லிட்டருக்கு 5 முதல் 10 கிராம், கை பொறுக்கும் சூட்டை விடக் கொஞ்சம் அதிகமான வெந்நீர், ஒரு ராத்திரி ஊறல். காலையில் பார்த்தால் லேபிள்கள் பெரும்பாலும் தாமாகவே மிதந்துகொண்டிருக்கும், உள்ளே ஒட்டியிருந்ததும் ஒரு குலுக்கலில் வந்துவிடும். பிரஷ் பிடிவாதமான சில பாட்டில்களுக்கு மட்டும்தான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் எரியும். கடின நீராக இருந்தால் நாள்கணக்கில் ஊறவிடாதீர்கள், கண்ணாடி மேல் வெள்ளையாகப் படியும். படிந்துவிட்டால் வினிகர் கலந்த தண்ணீரில் போட்டெடுத்தால் போய்விடும். எப்படி ஊறவைத்தாலும் நல்ல தண்ணீரில் வழுவழுப்பு போகிறவரை அலச வேண்டும், இந்த இடத்தில் மட்டும் அலசலில் கஞ்சத்தனம் கூடாது.

அலசியதும் ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வாய் வழியாக உள்ளே பாருங்கள். அடியில் வளையமோ புள்ளியோ கண்ணில் பட்டால் மறுபடியும் ஊறல். இரண்டாவது ஊறலுக்கும் போகாததைத் தூக்கி எறிந்துவிடுவேன். காலி பாட்டிலுக்கா பஞ்சம்?

அடுத்து ஸ்டார் சான். 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, அதாவது லிட்டருக்கு ஒன்றரை மில்லிக்குக் கொஞ்சம் மேலே. அளந்து ஊற்றுங்கள், கண்ணளவு வேண்டாம். பாஸ்பாரிக் அமிலமும் ஒரு நுரைக்கும் பொருளும் சேர்ந்த கலவை அது. உள்பக்கம் முழுக்க நனைந்து ஓரிரண்டு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும். கவிழ்த்து வடியவிட்டு, அலசாமல், நுரையோடேயே பியரை நிரப்புங்கள். சொன்ன அளவில் கலந்திருந்தால் மிஞ்சுகிற துளிகளால் சுவையில் வித்தியாசம் வராது. நுரையைப் பார்த்துப் பயந்து குழாய்த் தண்ணீரில் அலசினால் அதுவரை செய்த வேலை போச்சு, அந்தத் தண்ணீரிலேயே கிருமி இருக்கலாம்.

கொதிநீர் பற்றிக் கேட்டீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் கீறல் விடும், சில சமயம் அடியே கழன்று கையோடு வரும். அப்படியே தப்பித்தாலும் கண்ணாடி பட்டதும் தண்ணீரின் சூடு சரசரவென்று இறங்கிவிடும். நம்பக்கூடிய முறை இல்லை.

ஓவன்வாசி:

முன்கூட்டியே செய்து வைக்க வழி கேட்டதற்கு என் பதில் ஓவன். நன்றாகக் கழுவிக் காய்ந்த பாட்டில்களின் வாயில் சின்னச் சின்ன அலுமினியத் தாளை இறுக்கி மூடி, குளிர்ந்த ஓவனில் அடுக்கி, அதற்கப்புறம்தான் ஓவனைப் போடுவேன். சூடு மெதுவாக ஏறி 170 டிகிரி செல்சியஸ் வந்ததும் அங்கிருந்து ஒரு மணி நேரம். பிறகு அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் விடிய விடிய ஆறவிட வேண்டும். இது கிருமியைக் குறைக்கிற வெறும் சானிடைஸ் இல்லை, எல்லாவற்றையும் கொல்கிற முழு ஸ்டெரிலைஸ். தாளைப் பிரிக்காதவரை உள்ளே எதுவும் போகாது, சாவகாசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஏறும் சூடும் இறங்கும் சூடும் நிதானமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். திரும்பத் திரும்பச் சூடாக்கினால் கண்ணாடி பலவீனமாகும் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது, அதனால் மெல்லிய கண்ணாடிப் பாட்டில்களை நான் இதில் சேர்ப்பதில்லை. கம்பி மூடி வைத்த பாட்டிலின் ரப்பரைக் கழற்றாமல் உள்ளே வைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டில் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டிஷ்வாஷர் விஷயம். தண்ணீர் பீய்ச்சும் வேகம் குறுகிய கழுத்து வழியாக அடிவரை ஏறாது, ஆகவே அதை அழுக்கு எடுக்க நம்ப முடியாது. ஏற்கெனவே சுத்தமான பாட்டிலைச் சூட்டில் நீராவி காட்டி எடுக்க மட்டும் உதவும். டிடர்ஜெண்ட் போடக்கூடாது, பளபளப்புக்கு ஊற்றும் ரின்ஸ் எய்டும் கூடாது. அது ஒரு பூச்சு மாதிரி தங்கி நுரையைக் கொன்றுவிடும்.

சிக்கனமூர்த்தி:

ப்ளீச்சை ஏன் எல்லாரும் இப்படி ஒதுக்குகிறீர்கள் என்று தெரியவில்லை. எங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆட்கள் கைக்கு வந்தபடி ஊற்றுவதுதான் கோளாறு. சாதாரண, வாசனை இல்லாத துணி ப்ளீச், லிட்டருக்கு 4 மில்லி, குளிர்ந்த தண்ணீர், 20 நிமிடம். அதற்கு மேல் ஊற்றினால் கூடுதல் பலன் எதுவும் இல்லை, அலசல்தான் கூடும். அலசுவதற்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இருந்தால் நல்லது.

நுரைதள்ளி சார், நீங்கள் வாசம் போகும்வரை அலசுவது சரியான பழக்கம்தான். மிச்சம் இருக்கிற குளோரின் பியரில் உள்ள பீனால்களோடு சேர்ந்தால் குளோரோபீனால் உண்டாகும், ஆஸ்பத்திரி வாசமும் மருந்துச் சுவையும் வரும். நூறு கோடியில் சில பங்கு இருந்தால்கூட நாக்குக் கண்டுபிடித்துவிடும் சமாச்சாரம் அது.

கேப்பர்கை:

சிக்கனமூர்த்தி, முறை தப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலச வேண்டிய சானிடைசர் என்பதே எனக்கு ஒத்துவராத விஷயம். ப்ளீச் விரும்பாமல் ஸ்டார் சானும் கிடைக்காதவர்கள் அயோடின் கலந்த சானிடைசரான அயோடோபோர் பார்க்கலாம், 12.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 12.5 பங்கு) அளவுக்குக் கலந்தால் இரண்டு நிமிடம் போதும், வடித்தாலே சரி, அலச வேண்டாம். நிறம் வெளுத்துவிட்டால் வீரியம் போய்விட்டது என்று பார்த்த உடனே தெரியும், அது ஒரு வசதி. துணியிலும் பிளாஸ்டிக் குழாயிலும் கறை ஏறும், அது தொல்லை.

இன்னொன்று, இதைப் படிக்கும் புதியவர்களுக்காகச் சத்தமாகவே சொல்கிறேன். ப்ளீச்சோடு ஸ்டார் சானையோ வினிகரையோ வேறு எந்த அமிலத்தையுமோ சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். லேபிள் எடுக்க அமோனியா பயன்படுத்துகிறவர்கள் அதையும் ப்ளீச் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அதுவும் நச்சு வாயுதான். ஒரே பக்கெட்டில் அடுத்தடுத்து ஊற்றுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, நடுவில் நன்றாக அலசாமல் செய்வது ஆபத்து.

நுரைதள்ளி:

எல்லாருக்கும் நன்றி, பெர்கார்பனேட் வாங்கிவிட்டேன். ரெண்டு சந்தேகம். ஸ்டார் சான் கலந்தவுடன் எங்கள் தண்ணீரில் பால் மாதிரி கலங்கிவிடுகிறது, அது கெட்டுப்போனதா? அப்புறம் அந்தப் பொங்கின பாட்டில்கள் விஷயத்தை யாரும் தொடவே இல்லையே. எல்லாம் ஒரே பக்கெட்டிலிருந்து, ஒரே நாளில் அடைத்தவை.

வண்டல்:

பொங்கல் கேஸை நான் எடுத்துக்கொள்கிறேன். முதலில் கேட்க வேண்டியது, எல்லாம் பொங்கியதா, சிலது மட்டுமா என்பதுதான். எல்லாமே பொங்கினால் பாட்டில்கள் மேல் சந்தேகப்படாதீர்கள். நொதித்து முடிவதற்குள் அடைத்திருப்பீர்கள் (பியரின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் அளவு அடுத்தடுத்த நாட்களில் மாறாமல் நின்றதா?), இல்லையென்றால் காற்றேற அடைக்கும்போது சேர்க்கிற சர்க்கரை அதிகம், இல்லையென்றால் பக்கெட்டிலேயே தொற்று. உங்களுக்குச் சில மட்டும் பொங்கியிருக்கின்றன, அப்படியானால் இரண்டே இரண்டுதான். ஒன்று அந்தந்தப் பாட்டிலுக்குள் மிச்சமிருந்த அழுக்கு. மற்றது சர்க்கரைப் பாகு சரியாகக் கலக்காமல் சிலதில் கூடவும் சிலதில் குறைவாகவும் போயிருப்பது. பொங்காத பாட்டில்களில் காற்று குறைவாக, சப்பென்று இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் சர்க்கரைதான். லிட்டருக்கு 5 முதல் 7 கிராம் என்ற அளவில் தண்ணீரில் காய்ச்சி, பக்கெட்டின் அடியில் முதலில் ஊற்றிவிட்டு, அதன் மேல் பியரைச் சுழலாக இறக்கினால் நன்றாகக் கலக்கும்.

தொற்றாக இருந்தால் சுவையே காட்டிக்கொடுத்துவிடும். புளிப்பு, கிராம்பு வாசம், உடம்பே இல்லாத நீர்த்த தன்மை. கழுத்தில் பியர் மட்டம் இருந்த இடத்தில் ஒரு வெண் வளையமும் ஒட்டியிருக்கும். லாக்டோபாசில்லஸ், பீடியோகாக்கஸ், காட்டு ஈஸ்ட் ஆகியவைதான் வழக்கமான திருடர்கள். ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரையையும் இவற்றில் சில மெதுவாகத் தின்னும், அதனால் அடைத்து வாரங்கள் போகப்போக அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பொதுவாக நோய் உண்டாக்கும் கிருமிகள் பியரில் பிழைப்பதில்லை, ஆல்கஹால், அமிலம், ஹாப்ஸ் மூன்றும் சேர்ந்து விடாது. சுவைதான் பாழ். ஆனால் பாட்டில் வெடிப்பது விளையாட்டில்லை. அதே தொகுதியில் மீதி இருந்தால் ஒரு மூடியுள்ள பெட்டியில் வைத்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவிட்டு, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போட்டு பாட்டில் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கிக் காற்றை வெளியேற்றுங்கள்.

இன்னும் ஒரு இடம், இதை யாரும் பார்ப்பதே இல்லை: அடைக்கும் பக்கெட்டின் அடிக்குழாய். ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கழற்றிப் பாருங்கள், வாஷருக்குப் பின்னால் பிசுக்கு உட்கார்ந்திருக்கும். சைபன் குழாயும் நிரப்பும் கோலும் அதே கதை. உள்பக்கம் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கை எந்த சானிடைசரும் காப்பாற்றாது, மாற்றிவிடுவது மேல். பாட்டிலைப் பளிங்கு மாதிரி கழுவிவிட்டு இந்தக் குழாயை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

கேப்பர்கை:

கலங்கல் கடின நீரால் வருவது. கெட்டது என்று உடனே அர்த்தமில்லை, பிஎச் 3க்குக் கீழே இருக்கிறவரை வேலை செய்யும். பிஎச் தாள் ஒரு சுருள் வாங்கி வையுங்கள். காய்ச்சி வடித்த நீரிலோ ஆர்ஓ நீரிலோ கலந்தால் தெளிவாகவே இருக்கும், மூடி வைத்தால் வாரக்கணக்கில் திரும்பப் பயன்படுத்தலாம். கொஞ்சத்தை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி வைத்தால் மூடி, மூடி அடிக்கிற கேப்பர், குழாய் நுனி எல்லாவற்றுக்கும் அதுவே போதும். மூடிகளை ஒரு கிண்ணத்தில் அதே கரைசலில் போட்டு வைத்து ஈரத்தோடு எடுத்து அடியுங்கள்.

மெல்லக்குடி:

நான் வேலையே செய்யாத கட்சி. குடித்து முடித்த நிமிடமே மூன்று தடவை வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, வெளிச்சத்தில் பார்த்து, தலைகீழாகக் காயவைத்து, பெட்டியில் கவிழ்த்து அடுக்கிவிடுவேன். ஈஸ்ட் காய்வதற்கே நேரம் கொடுப்பதில்லை, அதனால் ஊறவைக்கும் வேலை புதிதாக வரும் பாட்டில்களுக்கு மட்டும்தான். அடைக்கும் நாளில் ஸ்டார் சான் மட்டும். நண்பர்களிடம் வாங்கும்போதும் இதையே சொல்லிவிடுங்கள், அலசாமல் கொண்டுவந்தால் நிரப்பின பாட்டில் திரும்பி வராது என்று. திருகு மூடி பாட்டில்களை மட்டும் வாங்காதீர்கள், கேப்பரில் சரியாக அடையாது. நிறமில்லாததும் பச்சையும் வெளிச்சம் பட்டால் நாறும், பழுப்பு இருந்தால் அதையே எடுங்கள்.

நுரைதள்ளி:

மீதியிருந்ததில் ஒன்றைக் குளிரவைத்துத் திறந்தேன். வண்டல் சொன்ன வெண் வளையம் கழுத்தில் இருந்தது, சுவையும் புளிப்பு. காலி செய்து வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் மெல்லிய பழுப்புப் படலம் ஒட்டியிருக்கிறது, பிரஷ் எட்டாத ஓரத்தில். அந்த வகைப் பாட்டில்கள் மொத்தத்தையும் இன்று ராத்திரி பெர்கார்பனேட்டில் போடுகிறேன். அடிக்குழாயையும் கழற்றினேன். வாஷருக்குப் பின்னால் இருந்ததை இங்கே வர்ணிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வண்டல்:

புதுக் குழாய் வாங்கும்போது வாஷரும் ரெண்டு சேர்த்து வாங்கிவிடுங்கள்.