ஸ்லோ குக்கர் சிக்கன் பாஸ்தா: பாஸ்தாவை எப்போ போடறது?

சனிக்கிழமை ராத்திரிக்கு ஸ்லோ குக்கர்ல க்ரீமி சிக்கன் பாஸ்தா செய்யலாம்னு இருக்கேன். செஞ்சு பழகினவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

எலும்பில்லாத தொடைக்கறி 1 கிலோ, ஒரு கப் சிக்கன் ஸ்டாக், பூண்டு, மிளகு, இத்தாலியன் சீசனிங். 'லோ'ல 5 மணி நேரம். நெஞ்சுக்கறி அவ்வளவு நேரம் வெந்தா நார் நாரா வறண்டுடும், அதனால வேண்டாம். ஃப்ரீசர் கறியை முதல் நாளே ஃப்ரிட்ஜுக்கு மாத்திடுவேன். கட்டியா போட்டா சூடு ஏற நேரமாகும், கிருமிக்குக் கொண்டாட்டம்.

சந்தேகமெல்லாம் பாஸ்தாவுலதான். பென்னேவை கடைசி அரை மணி நேரம் 'ஹை'ல வெச்சு அதுலயே வேக விடலாமா, இல்ல தனியா உப்புத் தண்ணியில முக்கால் பதம் வேக வெச்சு கலக்கணுமா? அதுலயேன்னா ஸ்டாக் எவ்வளவு கூட்டணும்? கூழாயிட்டா எங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்க.

க்ரீம் சீஸ் கடைசியிலதான்னு தெரியும், முதல்லயே போட்டா திரிஞ்சுடும். அதோட பால் ஊத்தறதா, ஹெவி க்ரீமா? காரத்துக்கு பச்சைமிளகாய் சேருமா, சில்லி ஃப்ளேக்ஸே போதுமா? மாமியாரும் சாப்பிடுவாங்க, சப்புனு இருந்தா ஊறுகாய் பாட்டில் வெளிய வந்துடும்!