சீட்டோடு சந்தைக்குப் போன கதை: உங்கள் வீட்டு அடுப்படி அனுபவங்களையும் சொல்லுங்கள்

பாளை மருமகள்

ஈரோட்டுப் பக்கம் பிறந்து, கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வந்த புதிதில் ஒரு நாள் அத்தைக்குக் கால் வலி. மகாராஜநகர் உழவர் சந்தைக்கு நான் தனியாகப் போக வேண்டியதாயிற்று. முந்தின ராத்திரியே உட்கார்ந்து, திங்கள் வெண்டைக்காய்க் குழம்பு, செவ்வாய் பீன்ஸ் பொரியல், புதன் காலிஃபிளவர் என்று வாரம் முழுவதுக்கும் சீட்டு எழுதினேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள். திட்டம் போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சந்தையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சியிடம் வெண்டைக்காய் ஒரு கிலோ கேட்டேன். அவர் காயைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"என்ன தாயி, பரீட்சைக்கா வந்திருக்க?"

அப்புறம் தன் குவியலில் இருந்தே ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தார். ஒடியவில்லை, வளைந்து கொடுத்தது. "முத்தல். முந்தாநாளே பறிச்சிருக்கணும், மழையில முடியல. இத ஒனக்குக் குடுத்தா வீட்டுல போய் என்னயத்தான் வைவ. புடலை இன்னைக்குக் காலையில பறிச்சது, இத எடுத்துட்டுப் போ."

விற்க வந்தவரே தன் சரக்கை வேண்டாம் என்று சொல்லி அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு புடலங்காயோடு வீட்டுக்கு வந்தேன். மேலே வெள்ளையாகப் பூத்தது போல இருந்ததை அத்தை கத்தி முதுகால் லேசாகச் சுரண்டினார்கள். பிஞ்சு என்பதால் குடலைக்கூட எடுக்கவில்லை. பாசிப்பருப்பு முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது காயைப் போட்டு, தேங்காயும் சீரகமும் ஒரு பச்சைமிளகாயும் அரைத்து ஊற்றி, தேங்காயெண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, கருவேப்பிலை தாளித்து இறக்கிவிட்டார்கள். உள்ளி, அதாவது வெங்காயம் கிடையாது, தக்காளி கிடையாது. எதைச் சமைத்தாலும் இஞ்சி பூண்டு விழுதில் தொடங்கிப் பழகியவள் நான். இதில் என்ன ருசி இருக்கப்போகிறது என்றுதான் தட்டில் வைத்தேன். புடலங்காய்க்கு என்று ஒரு ருசி இருப்பது எனக்கு 27 வயதில்தான் தெரிந்தது.

சீட்டைக் காட்டினேன். "சந்தைல எது நல்லா கெடக்கோ அதான் இன்னைக்கு வெஞ்சனம். இதுக்கு எதுக்கு எழுதிட்டுக் கெடக்க?" என்றார்கள் அத்தை. சீட்டின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் பால் கணக்கு எழுத எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இப்படி உங்களுக்கும் யாராவது ஒரு பாடம் நடத்தியிருப்பார்கள். சொல்லுங்களேன்.

வண்ணாரப்பேட்டை தனிக்கட்டை

எனக்குப் பாடம் நடத்தியது மாடி வீட்டு மைனி. ரத்த சொந்தம் ஒன்றும் இல்லை, வீட்டுக்காரர் அண்ணாச்சி என்பதால் அவர்கள் மைனி.

இரண்டு வருடம் ராத்திரி தவறாமல் புரோட்டா சால்னா. எந்தக் கடை என்று சொல்லமாட்டேன், அந்தக் கடைக்காரர் மேல் தப்பும் இல்லை, தினமும் போன என்னைச் சொல்லணும். ஒரு கட்டத்தில் வயிறு கையெழுத்துப் போட்டு ராஜினாமா கொடுத்துவிட்டது. டாக்டர் வீட்டுச் சாப்பாடு சாப்பிடச் சொன்னார். வீடு இருந்தால்தானே. இருந்தது ஒரு அறை, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு மூன்று லிட்டர் குக்கர்.

மைனி சொன்னார்கள், "ஒரே பாத்திரத்துல முடியுதது உளுந்தஞ்சோறுதான். அதப் படிச்சுக்கோங்க, பொழச்சுக்கிடலாம்." சொன்னபடி வாங்கி வந்தேன். ஆனால் உளுந்து என்றால் இட்லிக்குப் போடுகிற வெள்ளை உளுந்து என்று நினைத்துக்கொண்டேன். வறுக்கவும் இல்லை. குக்கரைத் திறந்தால் சோறும் இல்லை, களியும் இல்லை. கரண்டியை நட்டால் நிற்கிறது. மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மைனி சிரித்த சிரிப்பில் அண்ணாச்சி எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் பக்கத்தில் நின்று செய்ய வைத்தார்கள். ஒரு டம்ளர் புழுங்கலரிசிக்கு அரை டம்ளர் தொலி உளுந்து, கறுப்புத் தோலோடு உடைத்தது. எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுக்கணும், அந்த வாசம்தான் சோறே. பத்துப் பல் வெள்ளைப்பூடு, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு மூடியில் பாதித் தேங்காய் துருவல், உப்பு. குக்கருக்கு நாலு டம்ளர் தண்ணி. சுக்கு இருந்தால் ஒரு துண்டு தட்டிப் போடலாம்.

தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். அதை மைனியே அரைத்துக் கொடுத்துவிடுவார்கள், என்னிடம் மிக்ஸி கிடையாது. நல்லெண்ணெய் ஒரு கரண்டி மேலே ஊற்றிச் சாப்பிட்டால், அப்புறம் ராத்திரி பதினோரு மணி வரை பசி என்ற பேச்சே இல்லை. வாரத்தில் இரண்டு நாள் இதுதான். புரோட்டாவை முழுசாக விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். சம்பள நாளுக்கு ஒன்று உண்டு.

சொதியில் விழுந்தவள்

என் கதை சின்னது, அவமானம் பெரியது. புதுசாகக் கல்யாணமான என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் மறுவீடு வந்தார்கள். மாப்பிள்ளை வந்தால் சொதி, அதான் தேங்காய்ப் பால் குழம்பு, வைக்காத வீடு உண்டா? நான் வைக்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன். தேங்காய் திருகிப் பால் பிழிய நேரமில்லை என்று பாக்கெட் பால். முதல் பால், இரண்டாம் பால் என்ற பேதமே இல்லாமல் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றி, தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பு எரியும்போதே எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தேன்.

திரிந்துவிட்டது. எண்ணெய் மேலே ஒரு பக்கம், வெள்ளைத் திப்பி ஒரு பக்கம், நடுவில் கேரட் நீந்துகிறது. தங்கை மாப்பிள்ளை நல்ல மனுஷர். "இது வேற மாதிரி சொதியா, மைனி?" என்று கேட்டார். எங்கள் அம்மா இன்றுவரை எனக்கு 'வேற மாதிரி' என்றுதான் பட்டப்பெயர் வைத்திருக்கிறாள்.

ஆத்தங்கரை அம்பையான்

தங்கச்சி, மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்த்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிடணும். எலுமிச்சை இறக்கி ஆறின பிறகு. அதோடு இஞ்சிப் பச்சடி வைக்காமல் விட்டால் தேங்காய்ப் பால் நெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்ளும். சரி, நடந்தது நடந்துவிட்டது.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன், ரிட்டையர் ஆனவன். மார்கழி பிறந்துவிட்டது, சிறுகிழங்கைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

வெளியூர் ஆட்கள் முதல் தடவை பார்த்தால் மண்ணாங்கட்டி என்றுதான் நினைப்பார்கள். கட்டைவிரல் பருமன்கூட இருக்காது, மண்ணோடு குவித்து விற்பார்கள். கேரளத்தில் கூர்க்கை என்பார்கள். இங்கே கடையம், பாவூர்சத்திரம் பக்கமெல்லாம் விளைகிறது. 2019-இல் தென்காசியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். அதற்கப்புறமும் கிழங்கு பழைய வழியாகத்தான் எங்கள் கடைத்தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறது. இப்போது சில கடைகளில் கழுவி வெளுப்பாக வைத்திருக்கிறார்கள். அதை வாங்காதீர்கள். மண் ஒட்டினது நாலைந்து நாள் தாங்கும், கழுவினது மறுநாளே தொய்ந்துவிடும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக ஈரம் தெரியணும்.

இதில் கஷ்டம் ஒன்றே ஒன்று, தோல். எங்கள் ஆச்சி கிழங்கை ஊறவைத்து, ஒரு கோணிச்சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, ஆற்றுப் படித்துறைக் கல்லில் உருட்டுவாள். துணி துவைப்பது போல அடித்தால் கிழங்கு நசுங்கிவிடும். பைய உருட்டணும். கொஞ்ச நேரத்தில் சாக்குக் கண் வழியாகக் கறுப்புத் தண்ணி இறங்கும். தாமிரபரணியில் அது ஒரு மை போலக் கலைந்து போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அப்புறம் கண்களிலும் குழிகளிலும் ஒட்டின தோலைச் சிரட்டைச் சில்லால் சுரண்டுகிற வேலை பிள்ளைகளுக்கு. மூன்று நாளைக்கு விரல் நுனியெல்லாம் கறுப்பு. பள்ளிக்கூடத்தில் சார்வாள் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்துக் கையிலேயே ஒன்று போட்டார்.

சமையல் ஒன்றுமே இல்லை. உப்புப் போட்டு வேகவைத்து, மிளகாய் வத்தல், சின்ன உள்ளி, கருவேப்பிலை தாளித்து, தேங்காய்ப்பூ தூவினால் முடிந்தது. மண் வாசம் லேசாக வரும். மசாலாப் பொடி போட்டால் அந்த வாசம் போய்விடும், அதற்குப் பேசாமல் உருளைக்கிழங்கையே வாங்கலாம். முந்தின நாள் பொரியலைச் சட்டியோடு சூடு பண்ணி, பழையதுக்குத் தொட்டுக்கொள்வோம். பழையதுக்கு அம்பை 16 அரிசிதான். எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ரகம். குண்டு அரிசி என்று டவுன்காரர்கள் ஒதுக்குவார்கள், ஆனால் ராத்திரி முழுக்கத் தண்ணியில் கிடந்தாலும் காலையில் பருக்கை பருக்கையாக நிற்கும்.

கடையத்து வாத்தியார்

அண்ணாச்சி கையில் போட்ட சார்வாள் நான் இல்லை, நான் பின்னால் வந்தவன்.

எல்லோரும் சந்தோஷமாக எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் உப்பைக் குறைக்கிறேன். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. "நாமதான் கடையில சாப்பிடுததே இல்லையே, எல்லாம் தோட்டத்துக் காய்தானே" என்று அம்மா டாக்டரிடமே வாதாடினாள். டாக்டர் ஒரு நாள் சாப்பாட்டைச் சொல்லச் சொன்னார். காய் புதுசுதான். ஆனால் தட்டில் மலை மாதிரி சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி அவியல். காய் வெறும் ஊறுகாய் மாதிரி இருந்திருக்கிறது. சொதி வைத்தால் கூடவே எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு சிப்ஸ் வேறு.

நாங்கள் சமையலை மாற்றவில்லை, அளவைத் திருப்பிப் போட்டோம். இப்போது அவியல் முதலில் தட்டில் விழும், சோறு அப்புறம். நாலு பேருக்கு அவியல் என்றால் ஒரு முழுத் தேங்காய் அரைத்த அம்மா இப்போது அரை மூடி அரைக்கிறாள். தடியங்காய், முருங்கைக்காய், சீனி அவரைக்காய், வாழைக்காய் எல்லாம் அதிகமாகப் போட்டால் தேங்காய் குறைந்தது தெரியவில்லை. காய் பழசாக இருந்தால் மட்டும் உடனே தெரிகிறது, மறைக்க ஒன்றும் இல்லை அல்லவா. கூட்டாஞ்சோற்றிலும் அப்படித்தான். அரிசி ஒரு பங்கு, காயும் பருப்பும் முருங்கைக்கீரையும் சேர்ந்து இரண்டு பங்கு. அப்பா முதல் வாரம் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாத்திரை இன்னும் போடுகிறார், அதை நிறுத்தலாம் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. விருந்தாளி வந்தால் முழுத் தேங்காய்தான்.

வண்ணாரப்பேட்டை தனிக்கட்டை

சார், தனி ஆளுக்கு அவியல் எப்படி? எல்லாக் காயிலும் கால் கால் கிலோ வாங்கினாலே ஒரு வாரத்துக்கு வரும்.

கடையத்து வாத்தியார்

சந்தையில் 'அவியலுக்கு' என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு எடுத்துக் கலந்து கூறு கட்டித் தருவார்கள். எங்கள் பக்கம் தருகிறார்கள்.

பாளை மருமகள்

உண்மைதான் தம்பி, மகாராஜநகரிலும் தருகிறார்கள். காலையில் சீக்கிரம் போகணும். வெயில் ஏறினால் நல்லதெல்லாம் போய்விடும்.

வாத்தியார் சொன்னதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அரை மூடியா? அது அவியல் இல்ல, சாம்பார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். ஆனால் இன்றைக்கு அரைக்கும்போது ஒரு கைப்பிடியை எடுத்து ஓரமாக வைத்ததைப் பார்த்தேன்.

அம்பை அண்ணாச்சி எழுதினதைப் படித்துவிட்டு இன்று காலை அதே ஆச்சியிடம் போய் மண்ணோடு ஒரு கிலோ சிறுகிழங்கு வாங்கினேன். "சீட்டு எங்க?" என்றார், ஆறு வருடம் கழித்தும் மறக்கவில்லை. படித்துறைக்கு எங்கே போவது? பழைய தலையணை உறையில் போட்டு, முடிச்சுப் போட்டு, குளியலறைத் தரையில் உருட்டினேன். தோல் பாதி போனது, மீதியைச் சுரண்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். விரல் பத்தும் கறுப்பு, போன் திரையிலும் கறை. எழுத்துப்பிழை இருந்தால் கிழங்கைச் சொல்லுங்கள். அத்தை வேறு, அந்தத் தலையணை உறை யாருடையது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.