பசை 'க்யூர்' ஆவதற்குத் தமிழில் என்ன? 'முற்றுதல்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். எபாக்சி (இரண்டு பாகத்தைக் கலந்து ஒட்டும் பசை) போன்றவை உள்ளுக்குள் வினைபுரிந்து முழு வலு பெறுவதை ஆங்கிலத்தில் 'க்யூர்' (cure) என்பார்கள். அதற்கு 'முற்றுதல்' என்கிறேன். வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> 'பதப்படுத்தல்' என்றே வைத்துக்கொள்வோமே. ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே.

ஐயா, புழங்குகிற சொல்தான், ஆனால் வேறு வேலைக்கு. தோலைப் பதப்படுத்துகிறோம், மீனைப் பதப்படுத்துகிறோம். கெட்டுப்போகாமல் இருக்கச் செய்வது அது. பசைக்குள் நடப்பது வேறு. எனக்கு இந்தச் சொல் எங்கே தேவைப்பட்டது என்று சொன்னால் சிக்கல் பிடிபடும்.

நான் இருப்பது இங்கிலாந்தில். அக்கா மகன் ஓர் அலுமினியப் பெட்டிக்குள் 18650 என்னும் உருளை வடிவ லித்தியம் மின்கலத்தை வைத்து, பொத்தானும் கம்பியும் இழுத்து, தானே ஒரு வேப் (மின்-சிகரெட்) செய்துகொண்டிருக்கிறான். இங்கே வயது வந்தவர்களுக்கு அது குற்றமில்லை. இந்தியாவில் 2019 சட்டப்படி தயாரிப்பது, விற்பது, விற்க இருப்பு வைப்பது எல்லாமே தடை. அங்கே இருப்பவர்கள் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அத்தானுக்கு இது எங்கே தீப்பிடித்துவிடுமோ என்று பயம். எந்த இடத்தில் எந்தப் பசை, எங்கே பசையே கூடாது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதித் தா என்றார். (வேப்புக்கே தமிழ் கேட்காதீர்கள். 'ஆவிபிடிப்பான்' என்றேன். அம்மா நொச்சி இலை எடுத்து வரக் கிளம்பிவிட்டார்.)

இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொண்டேன். "எபாக்சி காய்ந்ததும் மூடியைப் போடவும்" என்று எழுதியிருந்தேன். அந்தக் 'காய்ந்ததும்' செய்த வேலையைப் பாருங்கள். பெட்டியின் மூடி நிற்பதற்கு நான்கு சின்னக் காந்தங்கள். ஐந்து நிமிட எபாக்சியைக் கலந்து ஒட்டினான். பத்தாவது நிமிடம் தொட்டுப் பார்த்தான், விரலில் ஒட்டவில்லை, சரி காய்ந்துவிட்டது என்று மூடிவிட்டான். திறந்தபோது ஒரு காந்தம் மூடியை விட்டுக் கழன்று, எதிர்க் காந்தத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. அது இருந்த குழியில் பசை ரப்பர் மாதிரி இழுபட்டது, நகம் வைத்தால் தடம் விழுந்தது. உறையில் பொடி எழுத்தில் இருந்தது: பிடிக்க ஐந்து நிமிடம், முழு வலு வர 24 மணி நேரம்.

காய்வது வேறு, இது வேறு. ஃபெவிகால் காய்கிறது, அதிலுள்ள தண்ணீர் போய்விடுகிறது. பசைத் துப்பாக்கியிலிருந்து வரும் உருக்குப் பசை உறைகிறது. சூடு போனதும் கெட்டி, மறுபடி சூடேற்றினால் இளக்கம். எபாக்சியில் எதுவும் ஆவியாகிப் போக வேண்டியதில்லை. அதன் இரண்டு பாகங்களான பிசினும் கெட்டிப்படுத்தியும் ஒன்றோடொன்று வினைபுரிந்து வலையாகப் பின்னிக்கொள்கின்றன, திரும்ப அவிழாது. அதனால்தான் கெட்டிப்படுத்தியைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் வேலை முடியும் என்பதும் தப்பு. இணை கிடைக்காமல் மிஞ்சியது அப்படியே கிடக்கும், பசை கடைசிவரை பிசுபிசுக்கும்.

இந்தப் பின்னலுக்குத்தான் 'முற்றுதல்' என்கிறேன். தேங்காய் இளசாக இருந்து முற்றுகிறது, நெல்மணி பால் பிடித்து முற்றுகிறது. வெளியே பார்க்க ஒன்றாகவே இருக்கும், உள்ளே ஆள் மாறியிருக்கும். முற்றுப்பெறுதல் என்ற பொருளும் கூடவே வருகிறது. பத்து நிமிடத்தில் இருப்பது 'இளம்பிடி', மறுநாள் இருப்பது 'முற்றிய பசை'. அக்கா மகனுக்கு இரண்டே சொல்லில் புரிந்தது.

> நோய் முற்றிவிட்டது என்போம். ஆங்கிலத்தில் க்யூர் என்றால் குணமாவது. நேர் எதிராக இருக்கிறதே!

சிரித்துவிட்டேன். ஆனால் பசைக்கு நோயும் இல்லை, குணமும் இல்லை. அந்த ஆங்கிலச் சொல்லின் மருத்துவப் பொருளை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

> சிமெண்டுக்கு 'நீராற்றல்' இருக்கிறது.

சிமெண்டுக்கு அது அருமையான சொல், ஏனென்றால் தண்ணீர் காட்டுகிறோம். எபாக்சிக்குத் தண்ணீர் காட்டினால் கெட்டது. சூப்பர் குளூவுக்குக் காற்றின் ஈரம் வேண்டும்தான், ஆனால் நாம் ஊற்றுவதில்லை. அந்தப் பசையைக் காந்தத்துக்கு வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்: முறுகலாகிவிடும், கீழே விழுந்த அதிர்ச்சியில் விட்டுவிடும், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்து அலுமினியத்தை அசிங்கமாக்கும்.

சிலிக்கோன் பசைக்கு நம் சமையலறையே சொல் தந்துவிடுகிறது. அது வெளியிலிருந்து உள்நோக்கி முற்றும். மேலே முதலில் ஏடு கட்டும், பால் மாதிரி. 'ஏடு கட்டும் நேரம்' என்றே எழுதினேன். ஏடு கட்டினால் உள்ளே முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கோனைச் செப்புக் கம்பிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத நடுநிலை வகை தனியாகக் கிடைக்கிறது.

பதம் என்ற சொல்லையும் வீணாக்க வேண்டாம். கலந்த எபாக்சி எவ்வளவு நேரம் பூசும்படி இருக்குமோ, அது 'பதக்காலம்'. பாகு பதம் தப்புவது போலவே இதுவும் தப்பும். தயிர்க் கிண்ணத்தில் நிறையக் கலந்தபோது கிண்ணமே கையைச் சுட்டது. வினையின் சூடு வெளியேற வழியில்லாமல் அதுவே வினையை விரட்டும். அதே கலவையை அட்டையில் மெல்லப் பரப்பினால் கூடுதல் நேரம் கிடைக்கும்.

இனி அத்தானுக்கான பகுதி. காற்று போகும் வழியிலும், திரவத்தைச் சூடாக்கும் சுருள் கம்பிப் பக்கத்திலும், திரவம் படும் இடத்திலும் எந்தப் பசையும் கூடாது. அறைச் சூட்டில் முற்றும் சாதாரண எபாக்சி பலவும் 50, 60 டிகிரியிலேயே தளர ஆரம்பிக்கும். சுருள் 200 டிகிரியைத் தொடும். முற்றாமல் மிஞ்சியது மூச்சோடு போகும். அங்கே மரையும் ரப்பர் வளையமும்தான். மின்கலத்தையும் ஒட்டக் கூடாது, அதன் அழுத்தம் வெளியேறும் துளையை அடைக்கவும் கூடாது.

இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "எபாக்சி பிடித்ததும் கையை எடுக்கலாம், முற்றியபின்தான், அதாவது மறுநாள், மூடியைப் போடவும்." எனக்கு உறுத்துவது பிறவினை ஒன்றுதான். சூடு காட்டிச் செய்வதை 'முற்றவைத்தல்' என்பதா, 'முற்றுவித்தல்' என்பதா? முன்னதுதான் வாயில் வருகிறது. ஈழத்து நண்பர்கள் 'இறுகுதல்' என்றார்கள், அதைப் பிடிக்கும் நிலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதற்குள் அவன் மீதி மூன்று காந்தத்தையும் பெயர்த்துவிடுவான்.