வெப்மின் இன்ஸ்டால் ஆயிடுச்சு, ஆனா 10000 போர்ட்ல பேஜ் வரவே மாட்டேங்குது, உதவி பண்ணுங்க

பிரஸ்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு ஆஃப்செட் பிரஸ்ல டிசைன் வேலை பாக்குறேன், சர்வர் எல்லாம் பழக்கமே இல்ல. கஸ்டமருங்க பத்திரிகை மேட்டர், போட்டோ எல்லாம் ஏத்தறதுக்கு எங்களுக்கு ஒரு வெப்சைட் இருக்கு, அத விபிஎஸ்ல (வாடகைக்கு எடுத்த ஆன்லைன் சர்வர்) போட்டு குடுத்த அண்ணன் இப்ப வெளிநாடு போயிட்டாரு. தை முகூர்த்த சீசன், போன வாரம் ஃபைல் ஏற மாட்டேங்குதுன்னு காலையில இருந்து ஒரே போன், உள்ள போய் பாத்தா டிஸ்க் 100 சதவீதம். ரெண்டு மூணு பழைய லாக் ஃபைலை அழிச்சு அன்னிக்கு சமாளிச்சேன், ஆனா எது இடத்த தின்னுதுன்னு கண்டுபிடிக்க தெரியல, அதான் பிரவுசர்லயே எல்லாம் பாக்கலாமேன்னு வெப்மின் போட்டேன்.

உபுண்டு 22.04, 1 ஜிபி ரேம். மொதல்ல நேரா ஆப்ட்ல (உபுண்டுல சாஃப்ட்வேர் இறக்குற கமாண்ட்) கேட்டேன், அப்படி ஒரு பேக்கேஜே இல்லன்னுச்சு. ஒரு பழைய கட்டுரைய பாத்து ரெப்போ லைன் (சாஃப்ட்வேர் எங்க இருந்து இறக்கணும்னு சொல்ற லைன்) சேத்தேன், கையெழுத்து சரியில்லன்னு எரர். கடைசில வெப்மின் சைட்லயே குடுத்திருந்த ரெப்போ ஸ்கிரிப்ட்ட ஓட்டினதும் இன்ஸ்டால் ஆயிடுச்சு. ஐபி போட்டு 10000 அடிச்சா பேஜ் வரல. கிளவுட் பேனல்ல 10000 திறந்து விட்டாச்சு, யூஎஃப்டபிள்யூலயும் (உபுண்டுல ஃபயர்வால் ரூல் போடுற டூல்) அலவ் குடுத்தாச்சு. ரெண்டு நாளா உக்காந்திருக்கேன், யாராவது வழி சொல்லுங்க.

நைட்ஷிப்ட்_நந்தா:
ப்ரோ, ஐபிடேபிள்ஸ, அதான் மெஷினுக்குள்ள இருக்குற ஃபயர்வால் ரூல் எல்லாத்தையும், ஃப்ளஷ் பண்ணி அழிச்சு விட்டுருங்க, உடனே ஓபன் ஆயிடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

செல்வி_சிஸ்அட்மின்:
தம்பி, தயவுசெஞ்சு ஃப்ளஷ் பண்ணிராதீங்க. அந்த மெஷின்ல டீஃபால்ட் பாலிசி (எந்த ரூலுக்கும் பொருந்தாத பாக்கெட்ட என்ன பண்றதுங்கறது) டிராப்னு இருந்துச்சுன்னா ஃப்ளஷ் அடிச்ச அந்த நொடியே நீங்க சர்வருக்குள்ள போற எஸ்எஸ்ஹெச் வழியும் போயிரும், அக்செப்ட்னு இருந்துச்சுன்னா உள்ளுக்குள்ள பாதுகாப்புன்னு ஒண்ணுமே இல்லாம போயிரும். நந்தா, உங்களுக்கு வேலை செஞ்சிருக்கலாம், ஆனா புதுசா வர்றவங்களுக்கு இத சொல்லாதீங்க.

மூணு விஷயம் பாத்து சொல்லுங்க. சர்வருக்குள்ள இருந்தே லோக்கல்ஹோஸ்ட் (அதே மெஷின்) 10000க்கு கர்ல் (கமாண்ட்லயே பேஜ கேக்குறது) அடிச்சா பதில் வருதா? வெளிய உங்க லேப்டாப்ல இருந்து அடிச்சா என்ன எரர், வார்த்தைக்கு வார்த்தை அப்படியே வேணும். அப்புறம் ஐபிடேபிள்ஸ் இன்புட் லிஸ்ட்ட லைன் நம்பரோட, கவுண்டரோட (ஒவ்வொரு ரூல்லயும் எத்தனை பாக்கெட் பொருந்துச்சுங்கற எண்ணிக்கை) எடுத்து போடுங்க.

பிரஸ்_தம்பி:
அக்கா ரொம்ப நன்றி. உள்ள இருந்து அடிச்சா லாகின் பேஜோட ஹெச்டிஎம்எல் வருது. என் லேப்டாப் லினக்ஸ் மின்ட், அதுல இருந்து அடிச்சா "நோ ரூட் டு ஹோஸ்ட்"ன்னு சட்டுனு வந்துருது. கிளவுட் பேனல்ல திறக்கறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் சுத்தி டைம் அவுட் ஆச்சு, இப்ப அப்படி இல்ல. லிஸ்ட்ல 1 ஏற்கனவே நடக்குற கனெக்‌ஷனுக்கு அக்செப்ட், 2 ஐசிஎம்பி (பிங் மாதிரி), 3 லூப்பேக் (மெஷின் தனக்குள்ளயே பேசுறது), 4ல 22 (எஸ்எஸ்ஹெச்), 5ல 80ம் 443ம் (வெப்சைட்), 6ல மீதி எல்லாத்துக்கும் ரிஜெக்ட் ஹோஸ்ட் ப்ரொஹிபிடெட், 7ல 10000 அக்செப்ட், அது நான் நேத்து சேத்தது. யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் கேட்டா இன்ஆக்டிவ்னு காட்டுது.

செல்வி_சிஸ்அட்மின்:
கெடச்சிருச்சு தம்பி. டைம் அவுட் வேற, நோ ரூட் வேற. கிளவுட் பேனல் ஃபயர்வால் பொதுவா பதிலே சொல்லாம பாக்கெட்ட விழுங்கிரும், அதனாலதான் மொதல்ல சுத்திக்கிட்டே இருந்துச்சு. அத நீங்க திறந்ததும் பாக்கெட் மெஷின் வரைக்கும் வந்துருச்சு, ஆனா உள்ள இருக்குற 6வது ரூல் அத திருப்பி அனுப்புது, அதோட பதில்தான் உங்க லேப்டாப்ல நோ ரூட்டுன்னு தெரியுது. பேர பாத்து நெட்வொர்க் பிரச்சனைன்னு நெனச்சு எத்தனையோ பேர் ரவுட்டர நோண்டிக்கிட்டு இருப்பாங்க.

ஐபிடேபிள்ஸ் மேல இருந்து கீழ வரிசையாத்தான் பாக்கும், மொதல்ல எது பொருந்துதோ அதோட முடிஞ்சுது. 6ல எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிட்டா 7க்கு ஒரு பாக்கெட்டும் வந்து சேராது. கவுண்டர பாருங்க, 7வது லைன்ல சைபர்னு இருக்கும், நீங்க ஒவ்வொரு தடவை பிரவுசர்ல ட்ரை பண்ணும்போதும் 6வது லைன்ல நம்பர் ஏறும். பெரிய ஏ போட்டு சேத்தா ரூல் கடைசில போய் உக்காரும், பெரிய ஐ போட்டு லைன் நம்பர் குடுத்தா ரிஜெக்டுக்கு மேல நுழைக்கலாம். யூஎஃப்டபிள்யூ இன்ஆக்டிவ்னா அங்க நீங்க குடுத்த அலவ் வெறும் எழுத்துதான், அமலுக்கே வரல.

ஆனா இப்ப அந்த ரூல மேல தூக்காதீங்க. வெப்மின் ரூட் அதிகாரத்தோட ஓடுற சாஃப்ட்வேர், அந்த பேஜை உலகத்துக்கே திறந்து வைக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்ல. 2019 ஆகஸ்ட்ல என்ன ஆச்சுன்னா, அவங்க பில்ட் சர்வருக்குள்ள யாரோ புகுந்து பாஸ்வேர்ட் மாத்துற ஸ்கிரிப்ட்ல பின்வாசல் வச்சது வெளிய வந்துச்சு, 1.890ல இருந்து 1.920 வரைக்கும் அந்த ஓட்டை இருந்துச்சு, அதுல 1.890ல எந்த செட்டிங்கும் மாத்தாமலே லாகின் இல்லாம ரூட்டா கமாண்ட் ஓட்ட முடிஞ்சுது. 1.930ல சரி பண்ணிட்டாங்க. 1997ல ஜேமி கேமரன் ஆரம்பிச்சதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒழுங்கா அப்டேட் வர்ற நல்ல சாஃப்ட்வேர் அது, அதுக்கே அப்படி நடந்துச்சு. அன்னிக்கு 10000 போர்ட்ட வெளிய திறக்காம வச்சிருந்தவங்கள வெளியாள் யாரும் தொட முடியல.

எஸ்எஸ்ஹெச் டனல் போடுங்க, அதாவது எஸ்எஸ்ஹெச் கனெக்சனுக்குள்ளயே வெப்மின் பேஜையும் கொண்டு வர்றது. லேப்டாப்ல எஸ்எஸ்ஹெச் கமாண்ட்ல பெரிய எல் ஆப்ஷன் குடுத்து 10000:லோக்கல்ஹோஸ்ட்:10000ன்னு சேத்து எப்பவும் போல லாகின் ஆகுங்க, அந்த விண்டோவ மூடாம பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் 10000 அடிங்க. ஹெச்டிடிபிஎஸ், அந்த எஸ் முக்கியம்.

பிரஸ்_தம்பி:
அக்கா பேஜ் வந்துருச்சு!! சர்டிஃபிகேட் சரியில்லன்னு பிரவுசர் பயமுறுத்துச்சு, தாண்டி போயிட்டேன், சரிதானே? ஆனா ரூட் போட்டு லாகின் ஆகல, உபுண்டுன்னு யூசர் போட்டும் ஆகல, அஞ்சாறு தடவை அடிச்சதும் இப்ப சரியா அடிச்சாலும் உள்ள விடாது போல. என்கிட்ட பாஸ்வேர்டே கிடையாது, கீ ஃபைல் வச்சுத்தான் எப்பவும் உள்ள போவேன்.

குமரி_லினக்ஸ்:
தம்பி, சர்டிஃபிகேட் வெப்மினே தனக்குத்தானே போட்டுக்கிட்டது, நீங்க உங்க டனல் வழியா போறதால பயமில்ல. தப்பா நெறைய தடவை அடிச்சா வெப்மின் கொஞ்ச நேரம் தடுத்து வைக்கும், ஒரு ரெண்டு நிமிஷம் விட்டுட்டு பாருங்க.

லாகின் ஆகாததுக்கு காரணம் நீங்களே சொல்லிட்டீங்க. உபுண்டுல ரூட்டுக்கு பாஸ்வேர்ட் பூட்டியிருக்கும். முழு சூடோ (ரூட் அதிகாரத்தோட கமாண்ட் ஓட்டுற உரிமை) உள்ள யூசர வெப்மின் உள்ள விடும், ஆனா அதுக்கும் பாஸ்வேர்ட் வேணுமே, கிளவுட் இமேஜ்ல வர்ற யூசருக்கு கீ மட்டும்தான் இருக்கும். சிஸ்டம் பாஸ்வேர்ட் எதையும் தொட வேண்டாம். யூஎஸ்ஆர், ஷேர், வெப்மின் ஃபோல்டருக்குள்ள சேஞ்ச்பாஸ்.பிஎல்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, அத சூடோவோட ஓட்டி, பின்னாடி வரிசையா ஈடிசில இருக்குற வெப்மின் ஃபோல்டர் பாதை, ரூட், புது பாஸ்வேர்ட் குடுங்க. அது வெப்மினுக்குள்ள மட்டும் செல்லுபடியாகுற பாஸ்வேர்ட். நீளமா வைங்க, பிரஸ் பேரு போன் நம்பர்லாம் வேண்டாம்.

பிரஸ்_தம்பி:
உள்ள வந்துட்டேன் அண்ணா! ஃபைல் மேனேஜர்ல ஒவ்வொரு ஃபோல்டரா போய் பாத்தேன், ஹோமுக்குள்ள பேக்கப்னு ஒரு ஃபோல்டர், தெனமும் ராத்திரி 2 மணிக்கு ஒரு டார் ஃபைல் (பல ஃபைல ஒண்ணா கட்டி வச்சது), தேதி போட்டு வரிசையா நிக்குது, ஒவ்வொண்ணும் 300 எம்பிக்கு மேல. ஷெட்யூல்டு கிரான் ஜாப்ஸ்ல (குறிச்ச நேரத்துக்கு தானா ஓடுற வேலைங்க) பாத்தா அந்த அண்ணன் போட்டு வச்ச ஜாப் இருக்கு, எடுக்குறதுக்கு மட்டும் எழுதியிருக்காரு, பழச அழிக்கறதுக்கு எதுவும் இல்ல. எல்லாத்தையும் டெலீட் பண்ணிடவா?

செல்வி_சிஸ்அட்மின்:
பொறுங்க. கடைசி பேக்கப் ஒண்ண லேப்டாப்புக்கு இறக்கி, பிரிச்சு பாத்து, உள்ள டேட்டாபேஸ் டம்ப் இருக்கா, கஸ்டமர் ஃபைல் ஒண்ணு ரெண்டு திறக்குதான்னு பாருங்க. டிஸ்க் ஃபுல் ஆன நாள்ல எடுத்தது பாதியில நின்னிருக்கும், அத நம்பாதீங்க. சரியா இருந்தா கடைசி 7 வச்சுக்கிட்டு மீதிய அழிங்க, கிரான்லயும் 7 நாளுக்கு மேல ஆனத அழிக்கிற மாதிரி ஒரு லைன் சேருங்க.

அப்படியே வெப்மின் கான்ஃபிகரேஷன்ல போர்ட்ஸ் அண்ட் அட்ரஸஸ் போய் 127.0.0.1ல (லோக்கல்ஹோஸ்ட்) மட்டும் கேக்குற மாதிரி மாத்துங்க, அந்த 7வது ரூல அழிச்சு, கிளவுட் பேனல்லயும் 10000த்த மூடிடுங்க. யூஎஃப்டபிள்யூவ எனேபிள் பண்ணாதீங்க, ஏற்கனவே ஐபிடேபிள்ஸ் ரூல் இருக்குற மெஷின்ல ரெண்டும் சேந்தா குழப்பம். நான் வேலைக்கு சேந்த புதுசுல 22க்கு அலவ் குடுக்காம எனேபிள் அடிச்சிட்டேன், அடுத்த கனெக்‌ஷன் போகல, ராத்திரி 11 மணிக்கு பேனல் கன்சோல் வழியா உள்ள போய் எடுத்தேன். அந்த கன்சோல் உங்க பேனல்ல எங்க இருக்குன்னு இப்பவே பாத்து வைங்க.

பிரஸ்_தம்பி:
போன திங்கக்கிழமை டார இறக்கி பிரிச்சேன் அக்கா, டேட்டாபேஸ் டம்ப் இருக்கு, ஒரு கல்யாண பத்திரிகை பிடிஎஃப் திறந்து பாத்தேன், நல்லா இருக்கு. டிஸ்க் ஃபுல் ஆன அன்னிக்கு எடுத்தது நீங்க சொன்ன மாதிரியே பாதியில நிக்குது, பிரிக்கவே மாட்டேங்குது. பழசெல்லாம் அழிச்சதும் டிஸ்க் 41 சதவீதத்துக்கு வந்துருச்சு. 127.0.0.1 மாத்தி, ரூலையும் எடுத்து, பேனல்லயும் மூடிட்டேன், இப்ப வெளிய இருந்து அடிச்சா பழையபடி டைம் அவுட், டனல்ல மட்டும் வருது. மொதலாளி மெஷின் விண்டோஸ், அவரும் பாக்கணும்னு கேக்குறாரு, அதுல எப்படி பண்றது?

குமரி_லினக்ஸ்:
புட்டில (விண்டோஸ்ல எஸ்எஸ்ஹெச் போடுற சாஃப்ட்வேர்) எஸ்எஸ்ஹெச்சுக்குள்ள டனல்ஸ்னு இருக்கும். சோர்ஸ் போர்ட் 10000, டெஸ்டினேஷன் லோக்கல்ஹோஸ்ட்:10000, ஆட் அடிச்சு செஷன சேவ் பண்ணிடுங்க. உங்க கீய குடுக்காதீங்க, அவருக்குன்னு தனி கீ, வெப்மின்லயும் தனி யூசர் போட்டு டிஸ்க், பேக்கப் மாதிரி பாக்குற மாட்யூல் மட்டும் குடுங்க.

பிரஸ்_தம்பி:
சரிண்ணா, நாளைக்கு மெஷின் ஓடி முடிஞ்சதும் அவர் பக்கத்துல உக்காந்து போட்டு குடுக்குறேன். ரெண்டு பேருக்கும் மனசார நன்றி, இன்னிக்கு சாயங்காலம் மட்டும் 14 ஆர்டர் ஃபைல் தடங்கல் இல்லாம ஏறிருக்கு.