பொருள்: ‘ஓய்கோடைப்’ – வட்டாரத் திரிபு வேண்டாம், வேறு சொல் வேண்டும்

புதுச்சேரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். சின்ட்ரெல்லாவையே எடுத்துக்கொள்வோம். உலக நாட்டுப்புறக் கதைகளை வகைபிரித்து எண்ணிடும் ஆர்னே–தாம்சன்–ஊத்தர் அட்டவணையில் அது 510ஏ. அதைக் ‘கதைவகை’ என்கிறோம். தொலைந்த காலணி, உதவும் விலங்கு முதலியவை ‘கதைக்கூறு’. ஒருவர் ஒருமுறை சொன்னது ‘பாடம்’. ஒரு பகுதியில் யார் சொன்னாலும் ஒரே மாதிரி மாறி நிலைத்துவிட்ட வடிவத்தை நாட்டுப்புறவியலில் ‘ஓய்கோடைப்’ (oicotype) என்கிறார்கள். அதற்குத்தான் தமிழில் நல்ல சொல் இல்லை. ‘வட்டாரத் திரிபு’ என்று எழுதிவிடுகிறோம். திரிபு என்றால் திரியாத மூலம் எங்கோ இருந்தாக வேண்டுமே! பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் சின்ட்ரெல்லா வெளிவந்தது 1697. அதற்கு அறுபது ஆண்டு முன்பே நேப்பிள்ஸில் இத்தாலிய எழுத்தாளர் பசீலேயின் சின்ட்ரெல்லா கதை அச்சாகிவிட்டது. 9ஆம் நூற்றாண்டுச் சீன நூலில் மீன் எலும்பிடம் வரம் கேட்டுப் பொற்காலணி அணிந்தவள் யே ஷியன். இதில் எது எதன் திரிபு?

(உண்மையான திரிபு என்று ஒருகாலத்தில் வாதிட்டது கண்ணாடிக் காலணியை. அணில்தோல் காலணிதான் கண்ணாடியாகத் திரிந்தது என்றார்கள். பிரெஞ்சில் கண்ணாடிக்கும் அணில்தோலுக்கும் உச்சரிப்பு ஒன்றே. நம் காதுக்கு இரண்டும் ‘வேர்’. ஆனால் 1697 பதிப்பிலேயே கண்ணாடி என்றுதான் இருக்கிறது.)

கடலூரிலிருந்து:

சொல் தாவரவியலிலிருந்து வந்தது, ஐயா. ஸ்வீடனில் தாவரவியலாளர் டூரெசான் வெவ்வேறு நிலத்துச் செடிகளை ஒரே தோட்டத்தில் வளர்த்தார், வேறுபாடு மறையவில்லை. 1922இல் அவர் அவற்றுக்கு வைத்த ‘ஈக்கோடைப்’ (ecotype) என்ற பெயரைத்தான் பிறகு நாட்டுப்புறவியலாளர் வான் சிடோ கதைக்குக் கொண்டுவந்தார். எனவே ‘நாட்டுரகம்’ போதாதா?

பண்ருட்டியிலிருந்து:

போதாது. நாட்டு ரகம் என்றால் ஒட்டு ரகத்துக்கு எதிர். ஆதியிலிருந்தே இங்குள்ளது என்று பொருள். இங்கே பேசுவது வெளியிலிருந்து வந்து ஊன்றிய கதையைப் பற்றி. ‘மண்வழக்கு’ என்று வைக்கலாம்.

புதுச்சேரியிலிருந்து:

மண்வழக்கு என்றால் வக்கீல் கட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், அம்மா! ‘நிலவடிவம்’ புவியியலார் எடுத்துக்கொண்டது. என் பரிந்துரை ‘திணைவடிவம்’. தொல்காப்பியம் அடுக்கும் கருப்பொருள்களை, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், தொழில் என்று, அட்டவணைத் தலைப்பாகப் போட்டுப் பாடங்களை நிரப்பிப் பாருங்கள். சீனத்தில் மீன், ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் கதையில் தாயின் கல்லறை மேல் வளரும் மரமும் அதில் வந்தமரும் பறவையும். மாறுவது பெரும்பாலும் இந்தக் கட்டங்களில்தான். எல்லைப்புறக் கலப்புக்குத் ‘திணைமயக்கம்’ ஆயத்தமாகவே இருக்கிறது.

கடலூரிலிருந்து:

இரண்டு தடை. ஓய்கோடைப்பின் எல்லை நிலமல்ல. மொழி, சமயம், அரசு எல்லையாகவும் இருக்கும். திணை என்றதும் மாணவர் குறிஞ்சி முல்லை தேடுவார். அடுத்து, ஒற்றைப் பாடத்தைத் திணைவடிவம் என்றுவிடுவார்கள். யே ஷியன் ஒரு பாடம்தான். அதே மாற்றம் அதே பகுதியில் வேறு பலர் வாயிலும் வந்தால்தான் இந்தப் பெயர். கிரிம் சகோதரர்கள் 1812 பதிப்பில் இல்லாத, மாற்றாந்தாய் மகள்களின் கண்ணைக் கொத்தும் புறாக்களை 1819 பதிப்பில் சேர்த்தது பதிப்பாசிரியர் கை. அது இதில் சேராது.

பண்ருட்டியிலிருந்து:

இரண்டாவது தடை சொல்லின் குறையல்ல, வரையறையில் எழுத வேண்டியது. முதலாவதற்கு ‘திணை’ என்றால் குடி என்றும் பொருளுண்டு என்பதே விடை. மண்வழக்கை விட்டுவிடுகிறேன். பதிவு இப்படி இருக்கட்டும்: ‘திணைவடிவம்: ஒரு கதைவகை, ஒரு மக்கள் குழுவில் பல பாடங்களிலும் ஒரே மாற்றங்களோடு நிலைபெற்ற வடிவம்.’ வினைக்குத் ‘திணைப்படுதல்’. ‘திணைவடிவமாக்கம்’ வேண்டாம்; யாரோ திட்டமிட்டு ஆக்கியதுபோல ஒலிக்கிறது.