பிஎச்பி: நேட்சார்ட் போட்டும் பிரவுசரில் வரிசை மாறுகிறதே?

கேள்வி
ஒரு ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை ஸ்கேன்டிர்() வைத்து எடுத்து, அரே_டிஃப்() மூலம் '.', '..' என்ற இரண்டு புள்ளிக் கோப்புகளையும் கழித்துவிட்டு ஜேசனாக அனுப்புகிறேன். பெயர்கள்: பாடம்1.பிடிஎஃப், பாடம்2.பிடிஎஃப், பாடம்10.பிடிஎஃப். பெயரில் உள்ள எண்ணை எண்ணாகவே பார்த்து அடுக்கும் நேட்சார்ட்() போட்டு பிரின்ட்_ஆர்() பார்த்தால் 1, 2, 10 என்று சரியாக இருக்கிறது. பிரவுசருக்குப் போனதும் 1, 10, 2. பிஎச்பி 8.2. எங்கே இடிக்கிறது?

பதில்
நேட்சார்ட் மதிப்புகளை இடம் மாற்றும், கீயை (அரேயில் ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ள அடையாள எண்) தொடாது. ஸ்கேன்டிர் தரும்போது பாடம்1-க்கு கீ 2, பாடம்10-க்கு 3, பாடம்2-க்கு 4 (0, 1 இரண்டும் அந்தப் புள்ளிகளுக்குப் போய்விட்டன). நேட்சார்ட்டுக்குப் பிறகு கீ வரிசை 2, 4, 3. இது 0, 1, 2 என்று தொடராததால் ஜேசன்_என்கோட்() சதுர அடைப்புக்குப் பதில் நெளி அடைப்பு போட்டு ஆப்ஜெக்டாக அனுப்புகிறது. ஆப்ஜெக்டில் முழு எண் கீ இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை ஏறுவரிசையில்தான் எடுக்கும்: 2, 3, 4. அதாவது பாடம்1, பாடம்10, பாடம்2.

அனுப்பும் முன் அரே_வேல்யூஸ்() போடுங்கள், கீ 0, 1, 2 என்று புதிதாக வந்துவிடும், போதும். இல்லையென்றால் நேட்சார்ட்டையே விட்டுவிட்டு:

சார்ட்($பட்டியல், சார்ட்_நேச்சுரல் | சார்ட்_ஃப்ளாக்_கேஸ்);

இது 5.4-லிருந்தே உண்டு, கீயையும் 0-விலிருந்து புதிதாகப் போட்டுவிடும். பிஎச்பி பக்கத்திலேயே ஃபார் லூப்பில் $i வைத்து எடுத்தாலும் இதே கோளாறு வரும், ஃபார்ஈச்சில் வராது. பிரின்ட்_ஆரும் ஃபார்ஈச் போல அடுக்கிய வரிசையிலேயே போகும், அதனால்தான் சரியாகக் காட்டியது.

இன்னொரு பதில்
டேட்டாபேஸிலிருந்து வரும் வரிகள் என்றால் மேலே சொன்னது உதவாது. யூசார்ட்() போட்டு, உள்ளே ஸ்டர்நேட்கேஸ்கம்ப்($அ['பெயர்'], $ஆ['பெயர்']) தருவதை அப்படியே ரிட்டர்ன் பண்ணுங்க. அதை "> 0" என்று ஒப்பிட்டு ட்ரூ/ஃபால்ஸ் ஆக்காதீங்க, பிஎச்பி 8-ல் டெப்ரிகேட்டட் என்று எச்சரிக்கை வரும்.

எண் பட்டியலுக்கு நேச்சுரல் சார்ட் கூடவே கூடாது. மைனஸை அது வெறும் எழுத்தாகப் பார்க்கும், அதனால் -5 முன்னால், -1000 பின்னால். புள்ளியும் அப்படித்தான்: 1.5-க்குப் பிறகு 1.10 வரும். வெர்ஷன் நம்பருக்கு அது சரி, விலைப்பட்டியலுக்குத் தப்பு.

கேட்டவர்
அரே_வேல்யூஸ் போட்டதும் சரியாகிவிட்டது, நன்றி. அடுத்து தலைப்புகளையும் தமிழ் அகரவரிசையில் அடுக்க வேண்டும். இதே முறை போதுமா?

பதில்
போதாது. நேட்சார்ட் பைட்டைப் பார்த்து அடுக்குகிறது, யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நம் வரிசையில் இல்லை. ன அங்கே ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் 'மனை' முதலில், 'மலை' பிறகு. ள-வுக்குப் பின் ழ இருப்பதால் 'பளிங்கு' வந்து அப்புறம்தான் 'பழம்'. புள்ளிக்குத் தனிக் குறியீடு, அது மெய்யெழுத்துகளையும் உயிர்க்குறிகளையும் தாண்டி இருக்கிறது. விளைவு, 'பகல்' முந்திக்கொண்டு 'பக்கம்' பின்தங்கும். அகராதியில் எல்லாமே தலைகீழ்.

மொழிக்கேற்ற அகரவரிசையில் அடுக்கும் கொலேட்டர் பிஎச்பியின் இன்டல் எக்ஸ்டென்ஷனில் வருகிறது. அது இருக்கிறதா என்று எக்ஸ்டென்ஷன்_லோடட்('இன்டல்') கொண்டு பாருங்கள். இருந்தால்:

$க = நியூ கொலேட்டர்('டிஏ_ஐஎன்');
$க->செட்ஆட்ரிப்யூட்(கொலேட்டர்::நியூமெரிக்_கொலேஷன், கொலேட்டர்::ஆன்);
$க->சார்ட்($தலைப்புகள்);

இரண்டாவது வரியை விட்டால் அகரவரிசை சரியாக வரும், ஆனால் 10 மறுபடி 2-க்கு முன்னால் போய்விடும். அந்த வரி இருந்தால் ௧௦ போன்ற தமிழ் எண்களையும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். நேட்சார்ட்டுக்கு அவை எண்ணே இல்லை. வரிகளை அடுக்க யூசார்ட்டுக்குள் $க->கம்பேர்() போடலாம். கொலேட்டரை மட்டும் அந்த ஃபங்ஷனுக்கு வெளியே ஒரே தடவை உருவாக்குங்கள், ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் புதிதாக வேண்டாம்.