ஆக்சிஜன் கருவியின் பேட்டரியை வெளிநாட்டுக்கு அனுப்ப வழி உண்டா?

வெளிநாட்டில் இருக்கும் அப்பாவின் ஆக்சிஜன் கருவிக்கு மாற்று பேட்டரி அனுப்ப வேண்டும், எங்கேயும் வாங்க மறுக்கிறார்கள். லித்தியம் அயான், 14.4 வோல்ட், 6.6 ஆம்பியர் ஹவர், அதாவது சுமார் 95 வாட் ஹவர். புதியது, உப்பல் இல்லை, முனைகளில் டேப் ஒட்டியிருக்கிறேன். அவரிடம் இருக்கும் பழையது அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. மனிதர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்.

போன மாதத்திலிருந்து அலைகிறேன். தபாலில் தனி பேட்டரி கூடாது என்றார்கள். சரி, பயணிகள் விமானச் சரக்கிலும் 2016-லிருந்து தடைதான். தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம், நியாயமான விதி. கூரியரில் ஒப்பந்தம் உள்ள நிறுவனங்களிடம் மட்டும் வாங்குவார்களாம். 100 வாட் ஹவருக்குள் என்பதால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகலாம், ஆனால் இப்போது தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

கருவிக்குள் பொருத்திய பேட்டரிக்கு விதி கொஞ்சம் தளர்வு. அதே மாடல் பழைய கருவி ஒன்று கைவசம் இருக்கிறது. அதில் பொருத்தி வெளிநாட்டுத் தபாலில் அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?